ஞாயிற்றுக்கிழமை காலை விற்பனைக்கு இல்லை

ஜெர்மனிக்கு வந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், காலி பாட்டில்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். இங்கே கண்ணாடியை மற்றக் குப்பையோடு சேர்த்துப் போடக் கூடாது. வெள்ளைக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று என்று பெரிய இரும்புத் தொட்டிகள் வைத்திருப்பார்கள். முதல் ஊறுகாய் பாட்டிலை உள்ளே போட்டேன். சடாரென்று ஒரு சத்தம். அதைவிடச் சத்தமாக எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வெள்ளை முடி அம்மா ஒருவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ஸோன்டாக்! ஸோன்டாக்!" என்று கத்தினார். ஸோன்டாக் என்றால் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆஹா, ஓய்வுநாளை இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காக்கிற ஊருக்கல்லவா ஆண்டவர் என்னைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்! எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "மன்னித்துவிடுங்கள் அம்மா, இது கர்த்தருடைய நாள், மறந்துபோனேன்" என்று கைகூப்பினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கர்த்தர்? எனக்குக் காது வலிக்கிறது. நாளைக்கு வந்து போடு" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போலப் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சுவரில் ஆணி அடிக்க ஓட்டை போடக் கூடாது, புல் வெட்டும் மெஷினை ஓட்டக் கூடாது. எல்லாம் சட்டம். ஆனால் பத்து மணிக்கு சர்ச்சில் மணி அடித்தால் கோவிலுக்குள் வருகிறவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பெருக்கிக் கோலம் போட்டு வைத்த வீடு, உள்ளே ஆளில்லை என்கிற மாதிரி கிடக்கிறது இவர்களுடைய ஞாயிறு. நம்ம ராஜபாளையத்தில் கதை தலைகீழ். அங்கே கோவில் நிரம்பி வழியும், ஆனால் மில் நிற்காது.

அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். மூன்று ஷிஃப்ட், வாரம் ஒருநாள் லீவு, அந்த ஒருநாள் அவருக்குப் புதன்கிழமை. என் குழந்தைப் பருவம் முழுக்க அது மாறவே இல்லை. ஞாயிறு காலை அம்மா வெள்ளைச் சேலை கட்டி, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்கு நடப்பாள். வழியில் மில் வாசல் வரும். உள்ளே இருந்து மெஷின் இரைச்சல் கேட்கும். அம்மா நடையைக் கொஞ்சம் குறைத்து அந்தப் பக்கம் பார்ப்பாள், பிறகு விறுவிறுவென்று நடப்பாள். அப்பாவுக்கு ஆராதனை புதன்கிழமைதான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாயை விரித்து ஒற்றை ஆளாக உட்காருவார். பாட்டும் அவரே, வாசிப்பும் அவரே, பிரசங்கமும் அவரே. சுருதியா, அதெல்லாம் கேட்கக் கூடாது. பள்ளிக்கூட லீவில் நான் வீட்டில் இருந்தால், "ஏட்டி எஸ்தரு, வா, வா, சபை கூடிருச்சு" என்பார். இரண்டு பேர் சபை. ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுப் பார்த்தாராம். கேட்டதற்குக் கிடைத்த பதிலை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவும் இல்லை.

அந்தச் சம்பளத்தில்தான் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் நர்சிங் படித்தேன். அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலையும் பார்த்தேன். பிறகு ஜெர்மன் படித்தேன், பரீட்சையில் ஒருமுறை கோட்டைவிட்டு மறுமுறை தேறினேன், இங்கே வந்தேன். எதற்கு வந்தேன்? பணத்துக்குத்தான். ஊழியம் செய்ய வந்தேன், தேவசித்தம் என்னை இழுத்தது என்றெல்லாம் புளுக மாட்டேன். யூரோ இழுத்தது, வந்தேன். அதனால் எனக்குப் பணத்தின் மேல் ஆசையே இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஆசை இருக்கிறது. அது எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் எனக்கும் ஊருக்கும் சண்டை.

வேலை, முதியோர் இல்லம் ஒன்றில். சேர்ந்த புதிதிலேயே தலைமை அம்மையாரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். சனிக்கிழமை முழுவதும் நான் வருகிறேன், கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் யாரும் வர மாட்டேன் என்பார்கள், அதையும் நான் பார்க்கிறேன், ஞாயிறு மதிய ஷிஃப்டும் பார்க்கிறேன், ஞாயிறு காலையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்றேன். அவருக்கு லாபம்தான், சம்மதித்தார். நோயாளியைக் கவனிப்பதும் ஆராதனைதானே என்று சில பேர் கேட்பீர்கள். சத்தியமாக ஆராதனைதான். நான் குளிப்பாட்டாத, துடைக்காத, ஊட்டாத உடம்பு அந்த இல்லத்தில் இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று மணி நேரம், கை சும்மா இருக்க, ஆண்டவர் முன்னால் போய் உட்கார வேண்டும் எனக்கு. அதையும் வேலைக்குக் கொடுத்துவிட்டால் பிறகு வேலைதான் எனக்குச் சாமி.

முதல் ஞாயிறு இந்த ஊர்க் கோவிலுக்குள் போனபோது, நம்ம வழக்கப்படி சால்வையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டேன். வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுக்கிற அம்மா என் தோளைத் தொட்டு, ரொம்ப அன்பாக, "மசூதி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிறது, கண்ணே, வழி காட்டட்டுமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கழுத்துச் செயினில் கிடந்த சிலுவையை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அன்றிலிருந்து அந்த வரிசைதான் என் இடம். என்னைத் தவிர எல்லோருக்கும் எழுபது தாண்டியிருக்கும்.

இந்தக் கோடைக்கு முன்னால் தலைமை அம்மையார் என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் தளத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட விரும்புவதாகச் சொன்னார். சம்பளம் நன்றாகவே ஏறும். ஒரே ஒரு நிபந்தனை. முதியவர்களைப் பார்க்கப் பிள்ளைகள் வருவது ஞாயிறு காலையில்தான், பொறுப்பாளர் அப்போது தளத்தில் இருந்தே ஆக வேண்டும். யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். ஒரு வாரமும் மனசு பேயாட்டம் ஆடியது, மறைக்க மாட்டேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தூண் எழுப்பி, மேலே கட்டக் காசில்லாமல் நிற்கிறது. எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஒரு தடவை ஆமாம் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. அந்த ஆசையில் அம்மாவுக்கு போன் போட்டு, "என்னைப் பொறுப்பாளராப் போடக் கூப்பிடுதாவ, யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லிருக்கேன்" என்று உளறிவிட்டேன். அங்கேதான் பிடித்தது சனி.

ஒரு வாரம் கழித்துப் போய் வேண்டாம் என்றேன். அம்மையாருக்குப் புரியவில்லை. "குழந்தை இருக்கிறதா?" இல்லை. "வேறு எங்காவது வேலை பார்க்கிறாயா?" இல்லை. "பிறகு என்ன?" கோவில் என்றேன். "ஒவ்வொரு வாரமுமா? கடைசி வரைக்குமா?" கடைசி வரைக்கும். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே யோசித்துவிட்டு, "உன் கடவுளுக்குச் சனிக்கிழமை ஒத்துவராதா?" என்று கேட்டார். "சனிக்கிழமைதான் உங்களுக்குக் கொடுத்துவிட்டேனே" என்றேன். அந்தப் பதவி போலந்துக்காரச் சகா ஒருத்திக்குப் போனது. நல்ல பெண். அன்று இல்லத்தை விட்டு வெளியே வரும்போது எனக்குத் துக்கமும் இல்லை, பெருமையும் இல்லை, ரொம்பப் பசித்தது.

அம்மாவிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம், வண்டி எங்கள் தெருவில் திரும்பியது. திரும்பின இடத்தில் நானே நின்றுகொண்டிருந்தேன். பத்தடி ஃப்ளெக்ஸ்! நர்ஸ் உடுப்பில் நான், பக்கத்தில் ஒரு கழுகு, பின்னால் ஜெர்மனி கொடி. 'ஜெர்மனி தேசத்தில் மேனேஜராக உயர்த்தப்பட்ட சகோதரி எஸ்தர் அவர்களின் குடும்ப ஸ்தோத்திர ஆராதனை, அனைவரும் வருக, அன்பின் விருந்து உண்டு.' நாளைக் காலை பத்து மணி. வேலை கிடைத்தால், விசா வந்தால், வீடு கட்டினால் சபையைக் கூட்டி நன்றி சொல்லி சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் கிடைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "மேனேஜரம்மா வந்தாச்சு" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

பெட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அம்மாவிடம் சொன்னேன். அவள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"கிறுக்கு புடிச்சிருக்கா ஏட்டி ஒனக்கு? கெடா வாங்கிக் கட்டியாச்சு. தளவாய்புரத்துல இருந்து, செட்டியார்பட்டில இருந்துலாம் சொந்தக்காரவுக வாராவ. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க?"

"யார் ஃப்ளெக்ஸ் வைக்கச் சொன்னா? யோசிச்சுச் சொல்லுதேன்னுதான சொன்னேன்."

"கூப்பிட்டுக் குடுக்கத வேண்டாம்னு சொல்லுவாளா எவளாவது? ஏட்டி, ஒங்கப்பா கணக்கில்லாத ஞாயித்துக்கெழமைய அந்த மில்லுக்குக் குடுத்துட்டுத்தான ஒன்ன நர்சாக்குனாவ? அவிய குடுத்தாவள்ளா? நீ மட்டும் என்ன பெரிய இவ? ஒன் ஞாயித்துக்கெழம மட்டும் தங்கமோ?"

 அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா செத்த நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கே உரிய சாமர்த்தியத்தோடு சொன்னாள்: "சரி விடு. நாளைக்கி மைக்க வாங்கி, 'தேவன் நல்லவர், எனக்காக ஜெபம் பண்ணுங்க'ன்னு மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துரு. வேற ஒன்னும் பேசாத. அது பொய்யில்லியே." பொய் இல்லைதான். அதுதான் என்னை ராத்திரி முழுக்க அரித்தது. பொய் சொல்லாமலே ஊரை ஏமாற்ற எவ்வளவு சுலபமான வழி!

காலையில் சபை நிறைந்திருந்தது. ஒரு பக்கம் பெண்கள் பாயில், மறுபக்கம் ஆண்கள். கீபோர்டு, டிரம்ஸ், லைவ் போடுவதற்கு ஸ்டாண்டில் ஒரு போன். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் என்னை அழைத்தார். தாழ்மையுள்ள ஒரு மில் தொழிலாளியின் மகளைக் கர்த்தர் வெள்ளைக்காரர்களுக்கு மேலாக உயர்த்தியிருக்கிறார், நீங்களும் விசுவாசித்தால் உங்கள் பிள்ளைகளும் உயர்த்தப்படுவார்கள் என்றார். கூட்டம் கையைத் தட்டியது. மைக் என் கைக்கு வந்தது. அம்மா முன்னால் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுச் சேலை. அவளைப் பார்த்தால் பேச முடியாது என்று தெரிந்து, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசினேன்.

"தேவன் நல்லவர்" என்றேன். "ஆமென்" என்று கொட்டகை அதிர்ந்தது. "நான் மேனேஜர் ஆகல. கூப்பிட்டாக. ஞாயித்துக்கெழமக் காலையக் கேட்டாக. தர முடியாதுன்னுட்டேன். அந்த வேல இப்ப வேற ஆளுக்குப் போயிருச்சு. எனக்குச் சம்பளம் கூடல. இருந்ததுதான் இருக்கு. நன்றி சொல்லக் கூப்பிட்டீங்க, இதுக்குத்தான் நான் நன்றி சொல்லுதேன்."

ஒரு ஆமென் இல்லை.  கீபோர்டுப் பையன்கூட என்ன வாசிப்பதென்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டான். பாஸ்டர் அனுபவசாலி. சட்டென்று இன்னொரு மைக்கை எடுத்து, "பிரியமானவர்களே, சகோதரி ஒரு சின்னக் கதவை மூடியிருக்காங்க. கர்த்தர் இதைவிடப் பெரிய கதவைத் திறக்கப்போறார்! இரட்டிப்பான சம்பளம்! விசுவாசிக்கிறவங்க ஆமென் சொல்லுங்க!" என்றார். அப்பாடா என்று கூட்டம் மூச்சுவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"வேண்டாங்கய்யா. பெரிய கதவு கேட்டு இதச் சாத்தல. அவருகிட்ட வட்டிக்கு விடல நான். இதுக்கு மேல ஒன்னும் வரலைன்னாலும் எனக்கு இது போதும்."

சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் இரண்டு அங்குலம் தள்ளி உட்கார்ந்தாள்.

பிரியாணி அருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எல்லோரும் சாப்பிட்டார்கள். என்னிடம் வந்தவர்கள் தணிந்த குரலில், இழவு விசாரிப்பது போல விசாரித்தார்கள். "அங்க எதும் பிரச்சினையாம்மா?" என்றார் ஒருவர். "விசா இருக்குல்லா?" என்றார் இன்னொருவர். நான் எதையோ மறைக்கிறேன், வேலை போய்விட்டது, அதற்கு சாமி பெயரைச் சொல்கிறேன் என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு மனுஷி பணத்தை வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்பதை மட்டும், விசுவாசிகள் கூடின அந்த இடத்தில், ஒருவராலும் விசுவாசிக்க முடியவில்லை. கோபப்படாதீர்கள். உங்கள் சோற்றைத் தின்று வளர்ந்தவள்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பட்டுச் சேலையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து ஏசினாள். மாடி போச்சு, மாப்பிள்ளை போச்சு, மானம் போச்சு. அப்பா எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"ரூபி, ஞாயித்துக்கெழமைய வித்தவன் நான். என்ன போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அவள விட்ரு."

அம்மாவுக்குக் கை நின்றுவிட்டது. அப்பா வெளியே போய், ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

என் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கமோ என்று அம்மா கேட்ட கேள்விக்கு அன்று பதில் வரவில்லை, இப்போது சொல்கிறேன். அப்பாவிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை அம்மா, எடுத்துக்கொண்டார்கள். அவர் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் நமக்கு அடுப்பு எரிந்திருக்காது. என்னிடம் கேட்டார்கள். இல்லை என்று சொன்னாலும் எனக்கு அடுப்பு எரியும். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது அப்பா போன ஷிஃப்டுகள்தான். அவ்வளவு கஷ்டப்பட்டு அவர் வாங்கிக் கொடுத்த அந்த 'இல்லை'யை, இரண்டு அறையும் ஒரு பால்கனியும் கட்டுவதற்கு நான் கொடுத்துவிட மாட்டேன். வேண்டுமானால் தூண் அப்படியே நிற்கட்டும். துணி காயப்போடலாம்.

நான் கிளம்புகிற வரைக்கும் அம்மா பேசவில்லை. பெட்டியில் இட்லிப் பொடி இருந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருந்தது, வற்றல் இருந்தது, அவள் வார்த்தை ஒன்று இல்லை. இங்கே வந்த பிறகும் போன் போட்டால் அப்பாதான் எடுப்பார். "அம்மா எங்கப்பா?" என்றால், "அடுப்புல வேலையா இருக்கா" என்பார். ஆறு வாரமாக எந்நேரமும் அடுப்பில் வேலை.

போன ஞாயிறு இங்கே கோவிலில் போதகர் போக எட்டுப் பேர், என்னையும் சேர்த்து. போதகர் ஒரு பெண். வழக்கமான மன்றாட்டு முடிந்ததும், மனதில் பாரம் உள்ளவர்கள் வாய்விட்டுச் சொல்லலாம் என்றார். இந்த ஊர்க்காரர்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள், மௌனமாக இருப்பார்கள். நான் முழங்காலில் நின்றேன். ஜெர்மனில் ஆரம்பித்தேன், ஓடவில்லை. அம்மாவைப் பற்றி எனக்கு ஜெர்மனில் சொல்லத் தெரியாது. தமிழில் சொன்னேன். ஆண்டவரே, நான் செய்தது சரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் எங்கம்மா என்கிட்ட பேச மாட்டேங்கா, அதை என்னால் தாங்க முடியவில்லை என்று சத்தம் போட்டே சொன்னேன்.  முடித்தபோது, எனக்குப் பின்னால் அந்த ஏழு பேரும் சேர்ந்து, கிழட்டுக் குரலில், அழுத்தமாக "ஆமென்" என்றார்கள்.

நான் சொன்னது அத்தனையும் புரிந்த ஊரில் ஓர் ஆமென் கிடைக்கவில்லை. ஒரு சொல்லும் புரியாத ஊரில் ஏழு கிடைத்தது. பாட்டுப் புத்தகம் கொடுக்கிற அம்மா வந்து என் தோளில் கை வைத்தார், நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் ஆண்டவருக்குத் தெரியும், அந்த ஏழு ஆமெனையும் கொடுத்துவிடுவேன், ராஜபாளையத்தில் அடுப்பங்கரையில் வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறாளே ஒருத்தி, அவளிடமிருந்து ஒன்று கிடைத்தால். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கொடுக்க மாட்டேன், அவளே கேட்டாலும்.